மீசையை மழிப்பதற்கு முன் மாஸ்க்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீச்சல், ஸ்நார்க்கலிங் (ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, நீர்ப்பரப்பில் மிதந்தபடி நீருக்கடியில் பார்ப்பது) பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் உடற்பயிற்சி, உடை, பாதுகாப்பு எனப் பலவற்றையும் பொறுப்போடு எடுத்துச் சொல்கின்றன. ஆனால் மீசையும் தாடியும் உள்ளவர்கள் தங்கள் முகத்துக்குப் பொருந்தும் நீச்சல் மாஸ்க்கை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டும் அவற்றில் விடுபட்டுப் போகிறது. பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையிலும், நானே மீசை வைத்திருப்பவன் என்ற முறையிலும், அந்தக் குறையைத் தங்கள் வாசகர்களுக்காகச் சற்று விரிவாகவே நிரப்ப விரும்புகிறேன்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் வருகிறது என்று மீசைக்காரர் ஒருவர் முறையிட்டால், விற்பவரிடமும் பயிற்சி தருபவரிடமும் ஆயத்தமாக இருப்பவை இரண்டே பதில்கள்: மீசையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பட்டையை இன்னும் இறுக்கிப் பாருங்கள். முதல் பதில் பெரும்பாலும் தேவையற்றது; இரண்டாவது பெரும்பாலும் கசிவை அதிகமாக்குவது. மேலுதட்டின் மீது மாஸ்க்கின் விளிம்பு எங்கே, எப்படி அமர்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், மீசை உள்ள பெரும்பாலானவர்கள் மீசையோடே நிம்மதியாக நீந்த முடியும் என்பதே நான் சொல்ல வந்தது.

கசிவைச் சிறு தொந்தரவு என்று ஒதுக்குவது தவறு. மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில் உள்ளே வரும் நீர் கடைசியில் வந்து தேங்கும் இடம், மாஸ்க்கில் மூக்குக்கென உள்ள குழியான மூக்கறைதான். புதிதாகக் கற்பவர், வாயால் மட்டும் மூச்சு விடுவதற்கு அப்போதுதான் பழகிக்கொண்டிருப்பார். நாசித் துவாரத்தில் நீர் பட்டதும் அவர் தன்னையறியாமல் மூக்கால் உறிஞ்சிவிடுகிறார், புரையேறுகிறது, பதற்றத்தில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறார். கால் எட்டும் ஆழத்தில் என்றால் இருமலோடு போய்விடும். கால் எட்டாத இடத்தில் அந்தப் பதற்றமே ஆபத்து. தனக்கு நீச்சல் ஒத்துவராது என்று முடிவு கட்டி ஒதுங்கிவிட்ட சிலரிடம் பேசிப் பார்த்தால், அவர்களைத் தோற்கடித்தது நீர் மீதான அச்சத்தைவிடப் பொருந்தாத மாஸ்க்தான் என்பது தெரியவருகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

மூக்கையும் மூடும் மாஸ்க் ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பிப் பிடித்துக் கவனியுங்கள். முகத்தில் படும் சிலிக்கோன் விளிம்பு நெற்றியில் தொடங்கி, இரு பக்கமும் நெற்றிப்பொட்டுகளின் வழியாக இறங்கி, கன்ன எலும்பைச் சுற்றி வளைந்து, சிரிக்கும்போது மூக்கோரத்தில் விழும் கோட்டைக் கடந்து, மூக்கின் அடியில் ஒன்றுசேர்கிறது. நல்ல மாஸ்க்கில் இந்த விளிம்பு இரட்டையாக இருக்கும்: வெளியே சற்றுத் தடித்த மடல் ஒன்று, அதற்குள்ளே விரல் பட்டாலே மடங்கும் அளவுக்கு மெல்லிய மடல் ஒன்று. முகத்தின் மற்ற எல்லா இடங்களிலும் அது வெறும் தோலின் மேல் படுகிறது. மூக்கின் அடிக்கும் உதட்டின் சிவப்புக்கும் நடுவில் உள்ள குறுகலான பட்டியில் மட்டும் அது மயிரின் மேல் படுகிறது. தாடையில் உள்ள தாடி எவ்வளவு நீளமாக இருந்தாலும், இந்த வகை மாஸ்க்கின் விளிம்பு அதைத் தொடுவதே இல்லை. சிக்கல் முழுவதும் அந்த ஒரு சிறு பட்டியில்தான் இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால், மீசை முழுவதையும் இழக்க வேண்டுமோ என்ற கவலை தானே குறைந்துவிடும்.

அங்கே நடப்பது இதுதான். மீசை மயிர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ளது. சிலிக்கோன் மடல் அதன் மேல் படியும்போது மயிரின் இரு பக்கமும் நுண்ணிய சந்துகள் உண்டாகின்றன. உள்ளே காற்றழுத்தம் சற்றுக் குறையும்போதெல்லாம், அதாவது மூக்கால் லேசாக இழுக்கும்போதும், முகத்தசை அசையும்போதும், அந்தச் சந்துகளின் வழியே நீர் உள்ளே வருகிறது. தலை நிமிர்ந்திருக்கையில் மாஸ்க்கின் அடிப்பகுதியில்தான் நீரின் அழுத்தம் அதிகம் என்பதால், கசிவுக்கு மிகவும் வசதியான வாசலை மீசை திறந்து வைத்தது போல் ஆகிவிடுகிறது. மயிர் விளிம்புக்குக் குறுக்காக, மேலிருந்து கீழாக வளர்ந்திருந்தால் ஒவ்வொரு சந்தும் உள்ளிருந்து வெளியே நேராகச் செல்லும் கால்வாயாகிறது. பக்கவாட்டில் வாரிப் படிய வைத்தால் அந்தக் கால்வாய்கள் நீண்டு, நீர் கடந்து வருவது கடினமாகிறது. மீசையை இரு பக்கமும் நன்றாக ஒதுக்கி வாரிய பிறகு மாஸ்க்கை அணிவதாலேயே சிலருக்குக் கசிவு பாதியாகக் குறைவதற்குக் காரணம் இதுதான்.

வாங்கப் போகும் முன், எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். குளத்தில் நீளவாக்கில் நீந்துவதற்கு மட்டும் என்றால் மாஸ்க்கே தேவையில்லை. கண்குழியைச் சுற்றி மட்டும் அமரும் சாதாரண நீச்சல் கண்ணாடி போதும். அதற்கும் மீசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. (1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் மீசையோடு நீந்தித்தான் ஏழு தங்கப் பதக்கங்களை, ஏழிலும் உலகச் சாதனையோடு வென்றார்.) கண்ணாடியைவிடப் பெரிதாக, நெற்றி மீதும் கன்ன எலும்பின் மீதும் அமர்ந்து மூக்கை வெளியே விட்டுவிடும் நீச்சல் மாஸ்க் வகையும் உண்டு. பார்வை விரிவாகக் கிடைப்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். மேலுதட்டை அது தொடாததால் மீசை உள்ளவர்களுக்கு மிகவும் வசதியானது. தாடி கன்னத்தில் மிக உயரம் வரை வளர்ந்தவர்களும் நீண்ட கிருதா வைத்திருப்பவர்களும் மட்டும் அதன் கீழ் விளிம்பும் பக்க விளிம்பும் மயிரில் படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மூக்கை வெளியே விடும் எதையும் அணிந்துகொண்டு நீருக்கடியில் இறங்கக் கூடாது. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 3 மீட்டர் ஆழமுள்ள குளத்தின் தரையைத் தொடுவதற்குள்ளேயே அது ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிவிடும். மாஸ்க்குக்குள் அடைபட்ட காற்று அந்த அழுத்தத்தால் சுருங்கப் பார்க்கும்போது மாஸ்க் முகத்தை உறிஞ்சிப் பிடிக்கிறது. மூக்கு உள்ளே இருந்தால் அதன் வழியாகச் சிறிது காற்றை விட்டுச் சமன்செய்துவிடலாம். வெளியே இருந்தால் அதற்கு வழியே இல்லை. கண்ணின் வெண்பகுதியில் இரத்தம் கசிந்து சிவக்கும், கண்ணைச் சுற்றி வீங்கும். ஆகவே மூழ்கிப் பார்க்க விரும்புகிறவர்கள், மீசை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூக்கை மூடும் மாஸ்க்கைத்தான் வாங்க வேண்டும்.

முகம் முழுவதையும் மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மீசைக்காரர்களுக்கு ஏற்றது என்று அதைத்தான் பலர் பரிந்துரைக்கிறார்கள். 2014-க்குப் பிறகு பரவலான இந்த வகையில் விளிம்பு மேலுதட்டைத் தொடாது என்பது உண்மை. ஆனால் அது கன்னங்களின் வழியே இறங்கித் தாடைக்கு அடியில் சுற்றி வருகிறது. மீசை மட்டும் உள்ளவருக்கு அங்கே தடையில்லை. தாடி உள்ளவருக்கோ, மேலுதட்டில் ஒரு பட்டியாக இருந்த சிக்கல் முகத்தின் கீழ்ப்பாதி முழுவதற்கும் பரவிவிடுகிறது. தொழிற்சாலைகளில் நச்சுக்காற்றிலிருந்து காக்கும் முகமூடிகளிலும் இதே கதைதான். அவற்றின் விளிம்பு தாடைக்கு அடியில் செல்வதால், மூடிக்குள் அடங்கிவிடும் சிறு மீசை அங்கே பெரும்பாலும் அனுமதிக்கப்படுகிறது. விளிம்பு படும் இடத்தில் தாடி இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. எந்தெந்த வகை மீசை, தாடி விளிம்பில் குறுக்கிடும், எவை குறுக்கிடா என்று காட்டும் விளக்கப்படம் ஒன்றையே அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-இல் வெளியிட்டது. முழுமுக ஸ்நார்க்கல் மாஸ்க் இந்த வரிசையைச் சேர்ந்தது. கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் மூக்கு மாஸ்க் இதற்கு நேர்மாறானது. தாடிக்காரரும் மீசைக்காரரும் ஒரே அறிவுரையைப் பெறுவதுதான் குழப்பத்தின் வேர்.

முழுமுக மாஸ்க்கில் இன்னொரு கவலையும் இருக்கிறது. அதன் உள்ளே மூக்கையும் வாயையும் மட்டும் தனியாகச் சூழும் சிறிய உள்மூடி ஒன்று உண்டு. வெளிவிடும் மூச்சு கண்ணாடிப் பகுதிக்குப் போகாமல், தனி வழியில் வெளியேறுவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அடர்ந்த மீசையும் தாடியும் அந்த உள்மூடியின் விளிம்பைத் தூக்கிவிட்டால், வெளிவிட்ட மூச்சு உள்ளேயே சுற்றிக் கலக்கிறது. கண்ணாடி பனிபடர்வது அதன் முதல் அடையாளம். கரியமில வாயு கூடிய காற்றையே மறுபடி இழுக்க நேர்வது அதைவிட மோசமான விளைவு. தலைவலியோ மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால் உடனே கழற்ற வேண்டும். தலையைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும் அந்த மாஸ்க்கைப் பதற்றத்தில் கழற்றுவதும் எளிதாக இராது. மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்யப் பெரும்பாலான மாதிரிகளில் வழியில்லாததால் அதை அணிந்து மூழ்கவும் முடியாது. அடர்ந்த தாடி உள்ளவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி, மூக்கு மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்கும் முறைக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் இழுத்து, கையை எடுத்தால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. மழித்த முகத்துக்கு இது ஓரளவு சரியான சோதனை. மீசை உள்ள முகத்தில் இது இரண்டு விதமாகவும் ஏமாற்றும். பலமாக இழுத்தால், பொருந்தாத மாஸ்க்கின் விளிம்பும் நசுங்கி ஒரு நொடி ஒட்டிக்கொள்ளும். மென்மையாக இழுத்தால், நன்கு பொருந்தும் மாஸ்க்கும் மீசைச் சந்துகளின் வழியே காற்றை விட்டு மெதுவாக நழுவும். ஆனால் நீர், காற்றைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு பாகுத்தன்மை (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) உடையது; காற்று தாராளமாக நுழையும் சந்தில் நீர் அதே வேகத்தில் நுழைய முடியாது. எனவே கடையில் மெதுவாக நழுவிய மாஸ்க் நீரில் கசிந்தே தீரும் என்று கொள்ள வேண்டியதில்லை. மீசையையும் சிலிக்கோன் விளிம்பையும் சற்று நனைத்துக்கொண்டு சோதித்தால் உண்மை நிலை இன்னும் நன்றாகத் தெரியும்.

இழுத்துப் பார்ப்பதற்கு முன்பே கண்ணால் பார்க்க வேண்டும். பட்டையை முன்பக்கமாகத் தூக்கிவிட்டு, முகத்தை அண்ணாந்து, மாஸ்க்கை அழுத்தாமல் முகத்தின் மேல் வெறுமனே வைக்க வேண்டும். அது தன் எடையால் மட்டும் அமர்ந்திருக்கும் நிலையில், கூட வந்தவர் சுற்றிலும் குனிந்து பார்த்து எங்காவது இடைவெளி தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். தனியாக வந்தவர் கைக்கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். பொட்டிலும் மூக்கோரக் கோட்டிலும் இடைவெளி இருந்தால் அந்த மாஸ்க் அவருக்கு உரியதல்ல. அங்கே கசிவதற்கு மீசையைக் குறை சொல்ல முடியாது. மீசைக்காரர்கள் மேல் சுமத்தப்படும் கசிவுகளில் பல உண்மையில் இந்த இரண்டு இடங்களிலிருந்து வருபவை. நெற்றியில் விழும் தலைமுடி விளிம்புக்குள் சிக்கியிருப்பதும் அதே விளைவைத் தரும்.

அடுத்ததாக, ஸ்நார்க்கலின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பார்க்க வேண்டும். இதைச் செய்பவர்கள் மிகவும் குறைவு. மீசைக்காரர்களுக்கோ இதுதான் முடிவான சோதனை. வாய்ப்பகுதியைக் கவ்வியவுடன் மேலுதடு முன்னால் தள்ளப்பட்டு இழுபடுகிறது. மூக்குக்குக் கீழே உள்ள தோல் தட்டையாகிறது, மீசை மயிர்கள் படிந்திருந்த நிலையிலிருந்து நிமிர்கின்றன, மூக்கோரக் கோடு ஆழமாகிறது. வாயை மூடிக்கொண்டு பார்த்தபோது அழகாக அமர்ந்த விளிம்பு இப்போது நடுவில் சற்றே தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்ணாடியில் தெளிவாகப் பார்க்கலாம். அந்த நிலையில் லேசாகப் புன்னகைக்கவும் வேண்டும், ஏனென்றால் நீருக்குள் அழகான எதையாவது கண்டால் முகம் தானாக மலரும். அந்த நொடியில்தான் பலருக்கு மாஸ்க் நிறைகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து அமர்ந்திருக்கும் மாஸ்க்கே வாங்கத் தக்கது.

பல மாஸ்க்குகளை அருகருகே வைத்து ஒப்பிடும்போது மூக்கறையின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். சிலவற்றில் மேலுதட்டில் படும் விளிம்பு மூக்கை ஒட்டி உயரத்திலேயே நின்றுவிடும். சிலவற்றில் அது கீழே இறங்கி மீசையின் நடுவிலேயே வந்து அமரும். முதல் வகையே நமக்கு வேண்டியது, ஏனென்றால் மூக்கின் அடியை ஒட்டிய இடத்தில் மயிர் இயல்பாகவே குறைவு. அங்கே சிலிக்கோன் மெல்லியதாகவும் நெகிழ்வாகவும் இருந்தால் மயிர்களைச் சூழ்ந்து படியும். விறைப்பாக இருந்தால் மயிர்களின் மேல் மிதந்து நிற்கும். விரலால் மடக்கிவிட்டு எடுத்தவுடன் மெதுவாகவும் முழுமையாகவும் பழைய வடிவுக்குத் திரும்பும் விளிம்பு நல்லது. சிலிக்கோனுக்குப் பதிலாகக் கடினமான பிளாஸ்டிக் விளிம்பு வைத்த மலிவு மாஸ்க்குகளை மீசை உள்ளவர்கள் ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம்.

உள்ளே குறைந்த காற்றைக் கொள்ளும் மாஸ்க், அதாவது கண்ணாடி முகத்துக்கு மிக அருகில் அமர்வது, மீசைக்காரர்களுக்கு மற்றொரு வகையில் உதவும். ஓரிரு துளி எப்படியும் வரத்தான் செய்யும் என்ற நிலையில், அதை வெளியேற்ற ஒரு சிறு மூச்சு போதும். மூக்கறையின் அடியில் ஒருவழி அடைப்பான் வைத்த மாஸ்க்குகளும் கிடைக்கின்றன. மாஸ்க்கைத் தொடாமலே மூக்கால் ஊதினால் நீர் அதன் வழியே வெளியேறிவிடும். அடிக்கடி நீர் தேங்குபவர்களுக்கு அது வசதிதான். ஆனால் அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அந்த அடைப்பானே கசியத் தொடங்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் அலசிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பட்டையை இறுக்கும் பழக்கத்தைப் பற்றி. என்னிடம் கற்க வந்த ஒருவர், அடர்ந்த மீசை உள்ளவர், முந்தைய பயிற்சியிடத்தில் சொன்னபடி பட்டையை இழுத்து இழுத்து, கழற்றிய பின் நெற்றியிலும் கன்னத்திலும் சிவந்த வடு வெகுநேரம் நிற்கும் அளவுக்கு மாட்டியிருந்தார். அப்படியும் மாஸ்க் நிறைந்துகொண்டே இருந்தது. அவருடைய பட்டை தலையின் பின்பக்கத்தில் மிகத் தாழ்வாக, கழுத்துக்கு அருகில் இருந்தது. அது மாஸ்க்கின் மேற்பகுதியை முகத்திலிருந்து விலக்கி, அடிவிளிம்பை மேலுதட்டில் கோணலாகக் குத்த வைத்திருந்தது. பட்டையை உச்சிக்குச் சற்றுக் கீழே உயர்த்தி, பக்கத்துக்கு ஓரிரு பல் தளர்த்தியவுடன் மெல்லிய உள்மடல் விரிந்து படிந்தது. இறுக்கம் கூடும்போது அந்த உள்மடல் சுருண்டு மடங்கிவிடுகிறது; மடங்கிய இடத்தில் சுருக்கம், சுருக்கத்தில் கசிவு. நீருக்குள் இறங்கியதும் நீரின் அழுத்தமே மாஸ்க்கை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் வேலை அதை நழுவாமல் நிறுத்துவது மட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் கசிந்தால்தான் மீசையைத் தொட வேண்டும், அதுவும் முழுவதையும் அல்ல. மூக்கின் அடியை ஒட்டி, விளிம்பு படும் அகலத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் மீசையின் மேற்கோட்டை மழித்தால், விளிம்புக்கு வெறும் தோல் கிடைத்துவிடும்; பார்ப்பவர்களுக்கு மீசையில் வேறுபாடு தெரிவது அரிது. மாஸ்க்கை அணிந்து சற்று அழுத்தி எடுத்தால் தோலிலும் மயிரிலும் விழும் தடமே எங்கே மழிக்க வேண்டும் என்று காட்டும். ஓரிரு நாள் வளர்ந்த முள்முடியோடு நீருக்குள் போகாதீர்கள்: நீண்டு மென்மையாகப் படியும் மயிரைவிட, குத்தி நிற்கும் குட்டை முடிதான் விளிம்பை அதிகம் தூக்கும், தோலையும் உரசிப் புண்ணாக்கும். மழிப்பதாக இருந்தால் முந்திய நாள் இரவில் மழிப்பது நல்லது; மழித்த கையோடு உப்புநீரில் இறங்கினால் எரியும்.

மயிரைக் களைவதைச் சமயநெறி அனுமதிக்காதவர்கள் இருக்கிறார்கள். மீசை தன் முகத்தின் பகுதி என்று கருதி விட மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள். இவர்களை நீருக்கு வெளியே நிறுத்துவது நியாயமல்ல. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, மழிக்க இயலாத சீக்கிய மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் தாடியை மீள்தன்மையுள்ள துணியால் இறுக்கி மூடி, அதன் மேல் சுவாசக் கவசத்தை அணியும் முறையைப் பயன்படுத்தி மருத்துவப் பணியைத் தொடர்ந்தார்கள். அதே துணியை நீரில் பயன்படுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. மழி அல்லது விலகு என்பதைத் தவிர மூன்றாவது வழியைத் தேடும் பொறுப்பு கற்றுக்கொடுப்பவர்களுக்கும் உண்டு என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

நீரில் அந்த மூன்றாவது வழி, மீசையின் மேற்பகுதியில் சிறிது பசை தடவிச் சந்துகளை அடைப்பது. தோலுக்குத் தீங்கில்லாத சிலிக்கோன் கிரீஸ், மெழுகு கலந்த மீசைப் பசை, உதட்டுக்குத் தடவும் மெழுகுத் தைலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை அரிசியளவு எடுத்து, மயிர்களின் அடிவரை விரலால் தேய்த்துப் பக்கவாட்டில் படிய வாரிவிட்டால் போதும். பலர் கைக்கெட்டும் பெட்ரோலியம் ஜெல்லியை அப்பிக்கொள்கிறார்கள். அது ரப்பரால் செய்யப்பட்ட பகுதிகளைக் கெடுக்கும், கண்ணாடியில் பட்டால் மங்கலாக்கும், கழுவினாலும் எளிதில் போகாது. ஆக்சிஜன் செறிவூட்டிய காற்றைப் பயன்படுத்தும் ஸ்கூபா கருவிகளின் (காற்றுக்கலத்தைச் சுமந்து மூழ்குவதற்கானவை) அருகே எண்ணெய்ப் பொருள் எதுவும் தீப்பற்றும் அபாயம் உடையது. எந்தப் பசையானாலும் நீந்தி முடித்ததும் மாஸ்க்கின் விளிம்பை மிதமான சோப்பு நீரில் கழுவிவிட வேண்டும். ஊறவிட்டால் சிலிக்கோனும் நாளடைவில் தளரும்.

எத்தனை நல்ல மாஸ்க் ஆனாலும் மீசை உள்ளவர் நீரை வெளியேற்றும் முறையைக் கால் எட்டும் ஆழத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். மாஸ்க்கின் மேல் சட்டத்தை விரல்களால் நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று மேல்நோக்கித் தூக்கி, மூக்கால் சீராக ஊதினால், காற்று மேலே தங்கி நீர் அடிவிளிம்பின் வழியே வெளியேறும். முதலில் சிறிதளவு நீரை வேண்டுமென்றே உள்ளே விட்டும், பிறகு பாதியளவு விட்டும், கண்ணை மூடாமல் இதைச் செய்யப் பழகியவருக்கு ஒரு துளி கசிவு ஒரு பொருட்டாகவே தோன்றாது. மீசைக்காரர்களுக்கு இந்தப் பயிற்சியை மற்றவர்களைவிட முன்னதாகவும் அதிக நேரமும் தர வேண்டும் என்பது என் கருத்து. பல பயிற்சியிடங்களில் இது கடைசி நாளின் அவசரத்தில் முடிக்கப்படுகிறது.

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூழ்கப் பயன்படும் மாஸ்க்கில் கடினமாக்கப்பட்ட கண்ணாடி இருக்க வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் அதற்கான குறியும், ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 16805 போன்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் தரக்குறிகள் பொருளின் உறுதிக்குத்தான் சான்று. நம் மேலுதட்டில் அது எப்படி அமரும் என்பதற்கு நம் முகமே சான்று. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாஸ்க் அணிய முடியாது, காதுக்குச் செல்லும் கம்பி விளிம்பைத் தூக்கிவிடும்; பார்வைக்கேற்ற வில்லை பொருத்தும் மாஸ்க்குகள் இருக்கின்றன. கண்ணுக்குள் அணியும் கான்டாக்ட் லென்ஸோடு நீந்தும் மீசைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கசிந்து வரும் நீரில் உள்ள நுண்ணுயிரிகள் லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் தங்கிக் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடும்.

இறுதியாக, தங்கள் இதழின் வழியாக இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். மாஸ்க் விற்பவர்கள், வாங்குபவரை உறையைப் பிரித்து முகத்தில் வைத்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும். ஒரு கைக்கண்ணாடியையும், ஒவ்வொருவருக்குப் பிறகும் கிருமிநீக்கிக் கழுவி வைக்கும் ஸ்நார்க்கல் வாய்ப்பகுதி ஒன்றையும் அதற்காக வைத்திருப்பது பெரிய செலவல்ல. பயிற்சி தருபவர்கள், வெவ்வேறு அமைப்புள்ள சில மாஸ்க்குகளைக் குளத்தருகே வைத்திருந்து, மீசையும் தாடியும் உள்ளவர்கள் சொந்தமாக வாங்குவதற்கு முன் அவற்றை நீரிலேயே அணிந்து பார்க்க இடம் தர வேண்டும். பட்டையை இறுக்கச் சொல்வதற்கு முன்னால் அவர் மேலுதட்டில் விளிம்பு எங்கே அமர்ந்திருக்கிறது என்று ஒருமுறை அருகில் சென்று பார்க்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியாளரான தங்கள் வாசகன்